நடக்க ஆரம்பித்து 3 வாரம்: எடை கூடுகிறது, மெட்டி இறுகுகிறது

பாலக்கோடு டீச்சர் | ஞாயிறு, இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 46, பள்ளியில் வேலை. 21 நாளாக விடாமல் காலையில் நடக்கிறேன். ஐந்தே காலுக்குக் கிளம்பி, தக்காளி மார்க்கெட்டில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அதைத் தாண்டி, போகவர 5 கிலோமீட்டர். வாரம் மூன்று நாள் மகள் சொல்லிக்கொடுத்தபடி தோப்புக்கரணம் 30, மாடிப்படி ஏறி இறங்குவது 10 தடவை. ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டேன். சின்ன உருண்டை களி மட்டும்தான்.

ஆரம்பித்த அன்று எடை 68.4 கிலோ. இன்று காலை 70.1. அதே மெஷின், அதே நேரம்.

எடையைக்கூட விட்டுவிடலாம். வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினால், மெட்டிக்கு இரண்டு பக்கமும் சதை பிதுங்கி, நடுவில் வெள்ளி புதைந்து கிடந்தது. சோப்பு போட்டு வழுக்கி வழுக்கித்தான் கழற்ற முடிந்தது. விரலில் அந்த வளையம் படுக்கப் போகும் வரை அச்சாகவே இருந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அதைக் கழற்றியதே இரண்டு முறைதான். நடக்கும்போது கைவிரல்களும் தடித்துக்கொள்கின்றன.

"நடந்து நடந்துதான் உடம்புல நீர் கோத்துக்கிச்சு, நிறுத்திரும்மா" என்கிறார் மாமியார். அக்கறையில்தான் சொல்கிறார், எனக்குத் தெரியும். ஆனால் நிறுத்த மனசு வரவில்லை. பல வருஷம் கழித்து எனக்கென்று ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?


காரிமங்கலம் 74 | ஞாயிறு, இரவு 9.15

எனக்கு ஆனது. முதல் மாதம் 2 கிலோ ஏறினேன். ஆறாவது வாரம்தான் இறங்க ஆரம்பித்தது. நிறுத்தாதீர்கள்மா.


பிசியோ தம்பி | ஞாயிறு, இரவு 10.05

டீச்சர், நான் தர்மபுரியில் பிசியோதெரபி பார்க்கிறேன். இந்த 1.7 கிலோவைக் கொழுப்பு என்று நினைத்து யாரும் பயப்படக் கூடாது. 3 வாரத்தில் அவ்வளவு கொழுப்பு ஏற வேண்டுமானால் தினமும் வழக்கத்தைவிட ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். நீங்களோ குறைத்திருக்கிறீர்கள்.

பழக்கமில்லாத வேலையைக் கொடுத்தால் தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சேதம் வரும். அதை ஆற்ற ரத்த ஓட்டம் கூடும், நீரும் அங்கே வந்து தங்கும். இது ஏறுவதைவிட இறங்குவதில்தான் அதிகம். கிருஷ்ணகிரி சையத் பாஷா மலைக்குப் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது ஒன்றுமே தெரியாது. இரண்டு நாள் கழித்துப் பஸ் படி இறங்கும்போது தொடை பிடுங்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது, சேதம் அதில்தான் வருகிறது. தோப்புக்கரணத்தில் உட்காரும் பாதியும் அதே கதைதான். வலி பெரும்பாலும் 1 முதல் 3 நாளில் உச்சத்துக்குப் போகும். தசைக்குள் நீர் சேர்வது அதற்கும் பின்னால், நாலைந்து நாள் கழித்துக்கூட அதிகமாக இருக்கும். நீங்கள் வாரம் மூன்று நாள் செய்வதால் ஒன்று வடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

அப்புறம், தசை தனக்கு வேண்டிய சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கும். நடக்காத உடம்பு கொஞ்சமாக வைத்துக்கொள்ளும், நடக்கிற உடம்பு கூடுதலாக வைத்துக்கொள்ளும். ஒரு கிராம் கிளைக்கோஜன் தன்னோடு சுமார் 3 கிராம் நீரையும் பிடித்து வைக்கும். 200 கிராம் கூடுதலாகச் சேர்ந்தால் 600 கிராம் நீரும் சேர்ந்து, மெஷினில் 800 கிராம் கூடிவிடும். இது நாளைக்கு நீங்கள் நடப்பதற்கான இருப்பு.

ரத்தத்தின் நீர்ப்பகுதியும் கூடும். தொடர்ந்து நடக்கவோ ஓடவோ ஆரம்பித்த முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே, சிறுநீரகம் உப்பையும் நீரையும் கொஞ்சம் பிடித்து வைத்து, அந்த நீர்ப்பகுதியை 10 சதவீதம் அளவுக்குக் கூட்டிவிடும். கிட்டத்தட்ட 300 மில்லி. வியர்ப்பதற்கும் இதயம் சுலபமாகத் தள்ளுவதற்கும் அது வேண்டும்.

மூன்றையும் கூட்டினால் ஒன்றரை, ஒன்றேமுக்கால் கிலோ தாராளமாக வந்துவிடும். தினமும் மெஷினில் ஏறாதீர்கள். வாரம் ஒரு நாள் எடை, கூடவே இடுப்பை இஞ்சு டேப்பில் அளந்து எழுதி வையுங்கள்.

கைவிரலுக்கு: நடக்கும்போது கை தொங்கிக்கொண்டே இருப்பதாலும் உடம்பு சூடாகித் தோலின் ரத்தக் குழாய்கள் விரிவதாலும் அப்படி ஆகும். 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை கையைத் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை மடக்கி மடக்கி விரியுங்கள். மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.


ராயக்கோட்டைக்காரன் | திங்கள், காலை 6.30

எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் பார்லிக் கஞ்சியும் வாழைத்தண்டுச் சாறும்தான். நீர்முள்ளிக் கஷாயமும் கேட்கும். எங்கள் அம்மாவுக்குக் கால் வீக்கம் நாலு நாளில் வடிந்தது. டீச்சர் முயன்று பாருங்கள்.


ஓசூர் ஷிப்ட் | திங்கள், காலை 7.10

பார்லி, வாழைத்தண்டு சாப்பாடு மாதிரி, சரி. ஆனால் யாராவது "நீர் மாத்திரை ஒண்ணு போட்டா வடிஞ்சிரும்" என்று சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். நான் கேட்டு அனுபவித்தவன்.

ஜிம்மில் சேர்ந்த புதிதில் எனக்கும் எடை ஏறியது. கிரியேட்டின் பவுடர் வேறு குடித்துக்கொண்டிருந்தேன். அது தசைக்குள் நீரை இழுத்து வைக்கும், முதல் வாரத்திலேயே ஒரு கிலோ ஏறலாம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. கூட இருந்த ஒருவர் ஒரு மாத்திரை கொடுத்தார். ஒரே நாளில் ஒன்றரை கிலோ போனது, எனக்கு ஒரே சந்தோஷம். அன்று நைட் ஷிப்டில் லைனில் நிற்கும்போது கெண்டைக்கால் இரண்டும் கல்லு மாதிரி பிடித்துக்கொண்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தது, சூப்பர்வைசர் தாங்கிப் பிடித்தார். போனது நீரும் பொட்டாசியமும்தான். இரண்டு நாளில் எடை அப்படியே திரும்பி வந்தது.


வார்டு அக்கா | திங்கள், மதியம் 2.20

நான் கிருஷ்ணகிரி பக்கம் நர்ஸாக இருக்கிறேன். பிசியோ தம்பி சொன்னது எல்லாமே சரி. ஆனால் டீச்சர், தசையில் தங்கும் நீர் தொடையிலும் கெண்டைக்காலிலும் விம்மலாகத் தெரியும், சாயங்காலம் மெட்டியைப் புதைக்காது. பாதத்தில் இறங்கியிருப்பது வேறு நீர் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் சில கேள்விகள்.

இன்று சாயங்காலம் உட்கார்ந்து, கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்துங்கள். பத்து எண்ணிவிட்டு எடுங்கள். குழி நிற்கிறதா? இரண்டு காலிலும் ஒரே மாதிரியா? காலையில் எழும்போது எப்படி இருக்கிறது? முகமும் கண்ணிமையும் காலையில் அதைத்த மாதிரி இருக்கிறதா, சிறுநீரில் நுரை நிற்கிறதா? படுத்தால் மூச்சு முட்டுகிறதா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? மெடிக்கல் கடையில் நீங்களாக வாங்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.


பென்னாகரம் தாத்தா | திங்கள், மாலை 5.00

நடுவில் ஒரு சந்தேகம். நான் நடக்க ஆரம்பித்ததும் முட்டி பிடித்துக்கொண்டது, கழுத்தும் இறுக்கம். இதுவும் நீர் கோத்ததுதானா? எங்கள் காலத்தில் போர்த் தண்ணீரைத்தான் குடித்து வளர்ந்தோம்.


பிசியோ தம்பி | திங்கள், மாலை 6.40

தாத்தா, அது வேறாக இருக்க வாய்ப்பு உண்டு. நம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்துக்கே ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைக்கும் திட்டம் என்றும் பெயர். அது திறந்தது 2013இல்தான், அதற்கு முன்னால் பல வருஷம் குடித்தது எலும்பில் தங்கியிருக்கும். அது மூட்டையும் முதுகையும் கழுத்தையும் இறுக்கும், அழுத்தினால் குழி விழுகிற வீக்கமாக வராது. பல்லில் காவிக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். அரசு மருத்துவமனையில் காட்டி ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு, பிறகு நடையின் அளவை முடிவு செய்யலாம். அதுவரை மேடு பள்ளம் வேண்டாம், சமதரையில் நடங்கள்.


பாலக்கோடு டீச்சர் | திங்கள், இரவு 9.30

அக்கா, நீங்கள் சொன்னபடியே மகளை வைத்து அழுத்திப் பார்த்தேன். குழி விழுகிறது. கோலப்பொடியில் விரல் பதித்த மாதிரி நின்றது. நான் இருபது எண்ணும் வரை மேடாகவில்லை. இரண்டு காலிலும் அப்படித்தான். காலையில் பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. முகம், சிறுநீர், மூச்சு எல்லாம் சரியாக இருக்கிறது.

மாத்திரை. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தொடர்பு இருக்கும் என்று தோன்றவில்லை. போன மாதம் ஒரு முகாமில் பிபி பார்த்தார்கள், 156க்கு 98. மறுபடி மறுபடி பார்த்தும் குறையவில்லை. அம்லோடிபின் 5 மில்லிகிராம் தினம் ஒன்று எழுதிக்கொடுத்து, நடக்கவும் சொன்னார்கள். அதனால்தான் நடக்கவே ஆரம்பித்தேன். மாத்திரை ஆரம்பித்து இன்றைக்கு 24 நாள்.

அப்புறம், தோப்புக்கரணம் போட்டுத் தொடை வலித்ததால் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கினேன். டைக்ளோஃபினாக் என்று அட்டையில் இருக்கிறது. இரண்டு வாரமாக ஒருநாள் விட்டு ஒருநாள்.


வார்டு அக்கா | திங்கள், இரவு 10.15

நல்லவேளை சொன்னீர்கள் தங்கச்சி. பாதத்து வீக்கத்துக்குக் காரணம் நடையாக இருக்காது என்று இப்போது உறுதியாகவே நினைக்கிறேன்.

அம்லோடிபின் நல்ல மாத்திரை, கோடிக்கணக்கான பேர் சாப்பிடுகிறார்கள். அது சின்னத் தமனிகளைத் தளர்த்தி ரத்தத்தைச் சுலபமாக உள்ளே விடுகிறது. வெளியே எடுத்துப்போகிற சிரைகளை அந்த அளவு தளர்த்தாது. வரத்து கூடி, போக்கு அப்படியே இருந்தால் நடுவில் இருக்கும் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் கசியும். நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு அது கணுக்காலில் இறங்கும். 5 மில்லிகிராமைவிட 10இல் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். உடம்பில் மொத்த நீர் கூடியதால் வருகிற வீக்கம் இல்லை இது. அதனால் கஷாயமோ நீர் மாத்திரையோ இதற்குப் பெரிதாகக் கேட்காது.

வலி மாத்திரை அதற்கு மேல். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை எல்லாம் சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் பிடித்துவைக்கச் செய்யும், பிபியையும் ஏற்றும். பிபிக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு, அதை ஏற்றுகிற இன்னொரு மாத்திரையையும் போட்டிருக்கிறீர்கள். வலி மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். தொடை வலி தானாகவே போய்விடும்.

பிபி மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது. அளவைக் குறைப்பதா, வேறு மாத்திரைக்கு மாற்றுவதா, கூட ஒன்று சேர்ப்பதா என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று தெரிய, ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தது. வீட்டுக்கே பிபி மாத்திரை வருவது எவ்வளவு பெரிய உதவி. ஆனால் மாத்திரை கொண்டுவருகிறவரிடம் "நல்லா இருக்கேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு, வீங்கின காலைப் புடவைக்குள் மறைத்துக்கொள்கிற அம்மாக்கள் நிறையப் பேர். பிறகு மாத்திரையைத்தான் தூக்கிப் போடுவார்கள், யாரிடமும் சொல்ல மாட்டார்கள். அப்படி விட்டுவிட்டுக் கை கால் இழுத்துக்கொண்டு வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

ராயக்கோட்டை அண்ணா, கோபம் வேண்டாம். நீர்முள்ளி சிறுநீரைக் கூட்டும், அதனால்தான் சித்த மருத்துவத்தில் கொடுக்கிறார்கள். ஏற்கெனவே பிபி மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டரிடம் சொல்லாமல் அதையும் சேர்த்துக்கொள்ளக் கூடாது.


ராயக்கோட்டைக்காரன் | செவ்வாய், காலை 6.15

கோபமெல்லாம் இல்லைம்மா. பிபி மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.


காரிமங்கலம் 74 | செவ்வாய், காலை 8.00

ஒற்றைக் கால் வீக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சேர்த்துவிடுகிறேன். என் தம்பி ராத்திரி பஸ்ஸில் நீண்ட தூரம் உட்கார்ந்தே வந்தவன், மறுவாரம் நடக்க ஆரம்பித்தான். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தது. பார்த்த இடத்தில் "சுளுக்கு, எண்ணெய் தேய்ங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் தேய்த்தோம். குறையவில்லை என்று வேறு இடத்தில் டாப்ளர் ஸ்கேன் எடுத்தபோது ரத்தக்கட்டி. அது நுரையீரலுக்குப் போயிருந்தால் ஆளே இருக்க மாட்டான் என்றார்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தேய்க்காதீர்கள், அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.


ஓசூர் ஷிப்ட் | செவ்வாய், காலை 8.25

இன்னொன்றையும் நான் சேர்க்கிறேன். அக்கா பையன், 19 வயது. ஜிம்மில் முதல் நாளே கூட்டாளிகளோடு பந்தயம் போட்டு 300 உக்கி. மூன்றாம் நாள் தொடை பூசணிக்காய் மாதிரி விம்மி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது. தசை உடைந்து அதன் புரதம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். சிறுநீரகம் கெட்டுப்போகாமல் இருக்க நாலு நாள் சலைன் ஏற்றினார்கள். சிறுநீர் நிறம் மாறினால் வீட்டில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது.


அரூர் பொண்ணு | செவ்வாய், இரவு 7.45

உப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே? நடந்துவிட்டு வந்து நான் எலுமிச்சை உப்பு ஜூஸ், உப்பு போட்ட மோர் இரண்டு டம்ளர் குடிப்பேன். வியர்வையில் உப்பு போகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாதவிடாய்க்கு முந்தின வாரம் எனக்கு எப்படியும் ஒரு கிலோ ஏறும், நடக்க ஆரம்பித்ததிலிருந்து அது இன்னும் கூடின மாதிரி இருக்கிறது.


பிசியோ தம்பி | செவ்வாய், இரவு 8.30

ஒரு மணி நேர காலை நடைக்கு வெறும் தண்ணீர் போதும் தங்கச்சி, அதுவும் தாகத்துக்கு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது, கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். நம் வீட்டில் களிக்குக் கருவாட்டுக் குழம்பு, பக்கத்தில் மாங்காய் ஊறுகாய், அப்பளம் என்று வைத்தால் ஒரே வேளையில் அதில் பாதி போய்விடும். களியில் குற்றம் இல்லை, கூட வருவதைத்தான் குறைக்க வேண்டும். வெயிலில் மணிக்கணக்கில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு.

அதற்காக லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடிப்பதும் வேண்டாம். நீண்ட நேரம் நடந்துகொண்டே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். அப்போதும் கைவிரல் வீங்கும், கூடவே தலைவலியும் வாந்தியும் குழப்பமும் வரும். அது அவசர நிலை.

மாதவிடாய்க்கு முந்தின நீர் பலருக்கும் வருவதுதான். இந்த மாத எடையைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள், போன வாரத்தோடு வேண்டாம்.


பாலக்கோடு டீச்சர் | 5 வாரம் கழித்து, சனி, மாலை 6.10

தாமதத்துக்கு மன்னிக்கவும், தேர்வு நேரம்.

மறுநாளே போய்க் காட்டினேன். டாக்டர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, வேறு வகை மாத்திரைக்கு மாற்றினார். கிரியாட்டினின் சரியாக இருந்தது, சிறுநீரில் புரதம் இல்லை. வலி மாத்திரையை விட்டுவிட்டேன். இரண்டாவது வாரத்தில் கணுக்காலின் எலும்பு முண்டு கண்ணுக்குத் தெரிந்தது. அதைப் பார்த்து நான் அழுதேவிட்டேன், மகள் ஏன் என்று கேட்டாள். பிபி நேற்று 132க்கு 84.

எடை 69.2. ஆரம்பித்த அன்றைவிட 800 கிராம் அதிகம்தான், பிசியோ தம்பி சொன்ன அதே 800! இடுப்பு மூன்றரை சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. பழைய ஜாக்கெட்டின் கடைசிக் கொக்கி இழுக்காமல் மாட்டுகிறது. மாடிப்படியில் 10 தடவை என்பதை 4ஆகக் குறைத்து, வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டுகிறேன். சாயங்காலம் சுவரில் காலைத் தூக்கி வைத்து 20 நிமிஷம் படுக்கிறேன். மாமியார் ஒன்றும் சொல்வதில்லை. காலையில் அலாரம் அடிப்பதற்கு முன்னால் அவரே எழுப்பிவிடுகிறார்.

இடது மெட்டியை மாட்டிவிட்டேன். வலது கால் மட்டும் சாயங்காலம் இன்னும் லேசாக இறுக்கம். அந்தக் காலில் இரண்டாவது பிரசவத்திலிருந்தே நரம்பு சுருண்டிருக்கிறது.


வார்டு அக்கா | சனி, இரவு 9.00

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. வலது கால் வீக்கம் சாயங்காலம் வந்து காலையில் வடிகிறது, வலியோ சூடோ இல்லை என்றால் சுருண்ட நரம்பினால்தான் இருக்கும். அவசரம் இல்லை. ஆனாலும் அடுத்த முறை பிபி பார்க்கப் போகும்போது நின்றபடி அந்தக் காலைக் காட்டுங்கள். படுத்தால் நரம்பு உள்ளே போய்விடும், டாக்டருக்குத் தெரியாது.


பாலக்கோடு டீச்சர் | சனி, இரவு 9.20

சரி அக்கா. 14ஆம் தேதி போகிறேன், நின்றபடியே காட்டுகிறேன்.